‘காரியச் செவிடு’ இல்லைங்க... தறிச் சத்தம் காதுக்குள்ளே செய்கிற வேலை!

அவிநாசிக்காரர்களுக்கு முதலைக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குளத்தில் குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. தப்பித்தவனுக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பூணூல் கல்யாணம். அன்றைக்கு அந்த வீதி வழியாக வந்த சுந்தரர் பதிகம் பாடி, விழுங்கிய பிள்ளையை முதலையின் வாயிலிருந்தே வரவழைத்தார் என்கிறது பெரியபுராணம். ஊருக்கு அப்போது திருப்புக்கொளியூர் என்று பெயர்.

இந்தக் கதையில் ஒரு சின்ன இடத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சுந்தரர் அந்த வீதியில் நின்றதற்குக் காரணம் அவருடைய காது. ஒரு வீட்டில் மங்கல ஒலி கேட்கிறது. எதிர்வீட்டிலிருந்து அழுகைச் சத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தும், இது சந்தோஷம், அது துக்கம் என்று தனித்தனியாக அவர் காதில் விழுகிறது. விழுந்ததால்தான் விசாரிக்கிறார்.

கலந்து வரும் இரண்டு சத்தங்களில் வேண்டியதை மட்டும் பிரித்தெடுப்பது, காதும் மூளையும் சேர்ந்து செய்யும் மிக நுட்பமான வேலை. அதே அவிநாசியைச் சுற்றி விசைத்தறி ஓட்டுகிறவர்கள், தங்களுக்கே தெரியாமல் முதலில் இழப்பது இந்தத் திறனைத்தான்.

“காதுல விழுகலீங்களா?”

தெக்கலூர், புதுப்பாளையம், பெருமாநல்லூர், அப்படியே சோமனூர், மங்கலம், பல்லடம் என்று எந்தப் பக்கம் போனாலும் தறிக்குடோன்தான். கோவை, திருப்பூர் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தால் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகள். பெரும்பாலும் கூலிக்கு நெசவு. பல இடங்களில் குடோனும் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக் கொள்கின்றன. புருஷன் தறி ஓட்ட, மனைவி தார் சுற்ற, பிள்ளை அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழும்.

இந்த வீடுகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். அடுப்படியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும். அங்கிருந்தபடியே மனைவி, “ஏனுங்க, ரேஷன் கடைக்குப் போகோணும்னு சொன்னனே, காதுல விழுகலீங்களா?” என்பார். கூடத்தில் இருப்பவர், “ஆ?” என்பார். இரண்டாவது தடவை சொன்னாலும் அதே “ஆ?”. மூன்றாவது தடவை குரலை உயர்த்திச் சொன்னால், “எதுக்கு இப்படிக் கத்தறே?” என்று கோபம் வரும். அரை மணி நேரம் கழித்து, அமைதியான திண்ணையில் யாரோ மெதுவாகச் சொன்ன சீட்டுப்பணக் கணக்கு மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். வீடே சேர்ந்து பட்டம் கொடுத்துவிடும், “காரியச் செவிடு!”

பாவம், அவர் நடிக்கவில்லை. மிக்ஸி சத்தத்தில் கேட்காததும், அமைதியில் கேட்டதும், உரக்கச் சொன்னால் எரிச்சலானதும் ஒரே கோளாறின் மூன்று முகங்கள். அதைப் புரிந்துகொள்ள, காதுக்குள் கொஞ்சம் நுழைந்து பார்க்க வேண்டும்.

அரிசி மணியில் பாதி

வெளியே தெரியும் மடலிலிருந்து உள்ளே போகும் குழாயின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். அதன் முடிவில் செவிப்பறை. அதை ஒட்டி சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். இதில் அங்கவடிதான் மனித உடம்பின் மிகச் சிறிய எலும்பு. சுமார் 3 மில்லிமீட்டர், ஒரு அரிசி மணியில் பாதி. காற்றில் வரும் அதிர்வை இந்த மூன்றும் வாங்கி, அழுத்தத்தைச் சுமார் 20 மடங்கு கூட்டி, உள்காதில் இருக்கும் திரவத்துக்குத் தள்ளிவிடுகின்றன. காற்றிலிருந்து நேரடியாகத் திரவத்துக்குப் போனால் ஒலியின் பெரும்பகுதி திரும்பிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் உறுப்புக்கு காக்ளியா என்று பெயர். சுருளைப் பிரித்து நீட்டினால் 35 மில்லிமீட்டர் வரும். அதற்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய இழைகளின் கொத்து. திரவம் அசைய, இழைகள் சாய, செல்லின் கதவுகள் திறந்து மின்சமிக்ஞை கிளம்புகிறது. நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. நாம் ‘கேட்கிறோம்’.

எல்லா செல்லும் எல்லா ஒலிக்கும் வேலை செய்வதில்லை. சுருளின் வாசல் பக்கம் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு, உள் நுனி கனமான தாழ்ந்த ஒலிகளுக்கு. ஆர்மோனியப் பெட்டியின் கட்டைகளைச் சுருட்டி வைத்தது போல. ஒலி இந்தச் சுருளில் அலையாகப் பயணிக்கும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக கியார்க் வான் பெகேசிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மயிர்ச்செல்களில் இரண்டு வகை உண்டு. உள்வரிசையில் சுமார் 3,500. மூளைக்குச் செய்தி சொல்வது முக்கியமாக இவைதான். வெளிவரிசையில் சுமார் 12,000. இவற்றின் வேலை வேறு. ஒலிக்கு ஏற்ப இவை நீண்டு சுருங்கி ஆடும். அந்த ஆட்டம் மெல்லிய ஒலிகளைப் பெரிதாக்கி, பக்கத்துப் பக்கத்து ஒலிகளைப் பிரித்துக் காட்டும். இந்த ஆட்டத்தால் காதிலிருந்தே ஒரு மெல்லிய ஒலி வெளியே வருகிறது என்று 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தார். காது கேட்பது மட்டுமல்ல, முணுமுணுக்கவும் செய்கிறது! பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று இன்று மருத்துவமனைகளில் சில நிமிடங்களில் பார்ப்பது, அந்த முணுமுணுப்பைக் கருவியால் பிடித்துத்தான்.

அதிக சத்தத்தில் முதலில் அடிபடுவதும் இந்த வெளிவரிசைதான்.

டெசிபல் எனும் கூட்டு வட்டி

சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கும். நாடா ஓடும் பழைய வகைத் தறிகள் ஓடும் குடோனில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டி 100-ஐத் தொடும். 60-க்கும் 100-க்கும் நடுவே 40-தானே என்று தோன்றும். ஆனால் டெசிபல் கணக்கு கூட்டு வட்டி மாதிரி ஏறக்கூடியது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. 40 கூடினால் 10,000 மடங்கு.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 85 டெசிபல் வரை என்பது அமெரிக்காவின் பணியிட சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2. 94 என்றால் 1. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம். பேக்கரியில் ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம். தறிக்குடோனில் ஷிப்ட் பல இடங்களில் 12 மணி நேரம்.

காதுக்குத் தற்காப்பு இல்லாமல் இல்லை. பலமான சத்தம் வந்தால் அங்கவடியைப் பிடித்திருக்கும் ஒரு குட்டித் தசை இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் குறைக்கும். ஆனால் அது தாழ்ந்த ஒலிகளைத்தான் நன்றாகத் தடுக்கும். திடீரென்று ‘டப்’ என்று அடித்தால் அதற்குள் இறுக நேரம் போதாது. தறியில் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தள்ளும் பிக்கிங் கட்டையின் சத்தம் அப்படிப்பட்டதுதான். நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல்.

ஷிப்ட் முடிந்து மோட்டாரை நிறுத்தியதும் காதில் ‘ஙொய்ங்’ என்று ஓர் இரைச்சல், பஞ்சு அடைத்தது போன்ற மந்தம். களைத்துப் போன செல்கள் தரும் முதல் எச்சரிக்கை இது. தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும். அதனாலேயே யாரும் பொருட்படுத்துவதில்லை. தினமும் களைத்துத் தினமும் தேறும் செல், ஒரு கட்டத்தில் தேறாமல் செத்துப்போகிறது. மனிதனுக்கு அது மறுபடி முளைக்காது. கோழிக்கு முளைக்கும்! பறவைகளின் உள்காதில் அழிந்த மயிர்ச்செல்கள் திரும்ப வளர்கின்றன என்று 1980-களில் தெரியவந்தது. அந்த வித்தையை மனிதக் காதுக்குக் கற்றுத்தர ஆய்வகங்களில் இன்னும் முயன்றுகொண்டே இருக்கிறார்கள்.

பட்டு, கட்டு, தட்டு

இரைச்சலால் வரும் காது மந்தம் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி குறைப்பதில்லை. முதலில் விழுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. இதற்குக் காதுக் குழாயே ஒரு காரணம். 2.5 சென்டிமீட்டர் குழாய், புல்லாங்குழல் மாதிரி, 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கும். தறிச் சத்தத்திலும் அந்தப் பகுதி தூக்கலாகப் போய், அதற்குச் சற்று மேலே உள்ள செல்களை அடிக்கிறது. காது மருத்துவர் எடுக்கும் வரைபடத்தில் கோடு நேராகப் போய் 4,000-ல் மட்டும் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறியிருந்தால், ‘எங்கே வேலை பார்க்கிறீங்க?’ என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

இனி தமிழுக்கு வருவோம். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் ச, த, க, ப போன்ற மெய்யொலிகளின் அடையாளமோ பெரும்பாலும் உயர்ந்த பகுதியில். பட்டு, கட்டு, தட்டு மூன்றிலும் உயிரொலி ஒன்றே. முதல் மெய்யின் ஒரு நொடித் தெறிப்பைத் தவறவிட்டால் மூன்றும் ஒரே சொல். அதனால்தான் இவர்கள், ‘பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் புரியல’ என்கிறார்கள். குரலின் சத்தம் குறையவில்லை, சொல்லின் விளிம்பு மழுங்கிவிட்டது.

அமைதியான திண்ணையில் மூளை, மீதியை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மிக்ஸி ஓடும்போது ஊகிக்கவும் இடமில்லை. சரி, உரக்கச் சொன்னால்? செத்த வெளிவரிசைச் செல்கள் மெல்லிய ஒலியைத்தான் பெரிதாக்கிக்கொண்டிருந்தன. அவை போனபின் மெல்லியது காணாமல் போகும், உரத்ததோ பழைய அளவிலேயே வந்து அறையும். நடுவில் இருக்க வேண்டிய படிகள் இல்லை. “எதுக்குக் கத்தறே?” என்ற கோபத்தின் உடற்கூறு இது.

கூடவே காணாமல் போகும் சின்னச் சின்ன ஒலிகளைக் கணக்கெடுத்தால் மனசு கனக்கும். பேத்தியின் கொலுசு. ராத்திரிச் சில்வண்டு. குழந்தைகளின் குரலே மெல்லியதும் உயர்ந்ததும்தானே. “அப்பிச்சி, அப்பிச்சி” என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராததால் அம்முச்சியிடம் போய்விடும் பிள்ளைக்கு யாரும் காரணம் சொல்வதில்லை.

கண் கேட்கும், உதடு பேசும்

தறிக்குடோனுக்குள் பேசிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். யாரும் கத்துவதில்லை. உதட்டை அகலமாக அசைத்து, கையால் ஒரு சைகை. எதிரே இருப்பவர் வாயைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார். இங்கிலாந்தின் லங்காஷையர் பருத்தி மில்களில் வேலை பார்த்த பெண்களும் இப்படியே பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மீ-மா’. கடல் கடந்த இரண்டு ஊர்களில், ஒரே இயந்திரம் ஒரே மொழியை உண்டாக்கியிருக்கிறது.

கண் காதுக்கு உதவுவது வெறும் பழக்கமில்லை, மூளையின் அமைப்பே அப்படி. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் 1976-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ‘பா’ என்ற ஒலியை ஓடவிட்டு, ‘கா’ என்று சொல்லும் உதட்டைக் காட்டினால், பலருக்கும் ‘தா’ போன்ற மூன்றாவது ஒலி கேட்டது! கண்ணை மூடினால் மறுபடி ‘பா’. கொரோனா காலத்தில் எல்லோரும் மாஸ்க் போட்டபோது, தங்களுக்குக் காது மந்தம் என்பதையே பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள். அதுவரை உதடு கொடுத்துவந்த உதவி நின்றுபோனதே காரணம்.

இந்தத் திறமைக்கு ஒரு பாதகமும் உண்டு. உதட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தன் காது போவது தெரிய ரொம்ப நாளாகும்.

1886-லேயே தெரிந்த விஷயம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 1886-ல் கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள், இரும்பு வார்ப்பவர்கள், தபால்காரர்கள் என மூன்று கூட்டத்தைச் சோதித்தார். கருவி, ஒரு கடிகாரத்தின் டிக்டிக். அதை எவ்வளவு தூரத்தில் கேட்கிறார்கள் என்று அளந்தார். கொதிகலன்காரர்களின் காதுதான் மிக மோசம்.

தறிக்கே வந்தால், அதே ஸ்காட்லாந்தின் டண்டீ. வங்காளத்துச் சணலை நெய்து பிழைத்த ஊர். அங்கே சணல் தறி ஓட்டிய பெண்களை வில்லியம் டெய்லர் குழு ஆராய்ந்து 1965-ல் வெளியிட்டது. அவர்கள் பார்த்தது: 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் சேதம் முதல் 10, 15 ஆண்டுகளில் வேகமாக நடந்துவிடுகிறது. பேச்சுக்கு முக்கியமான மற்ற பகுதிகளுக்கு அது இன்னும் பல ஆண்டுகள் கழித்துத்தான் பரவுகிறது. அதாவது, ‘எனக்குக் காது கேக்கலியோ’ என்று ஒருவருக்குச் சந்தேகம் வரும்போது, முதல் கட்டம் எப்போதோ முடிந்திருக்கும். இருபது வயதில் தறிக்கு வந்தவருக்கு முப்பத்தைந்துக்குள் நடப்பது, ஐம்பதில் தெரியவருகிறது. பழியை வயசின் மேல் போட்டுவிடுகிறோம்.

நம் சட்டத்துக்கும் இது புதிதல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரைச்சலால் வரும் காது மந்தத்தை அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் வைத்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று தொழிற்சாலை விதிகளில் வரம்பும் வைக்கப்பட்டது. ஆனால் நாலைந்து பேர் வேலை செய்யும் தறிக்குடோன் அந்தச் சட்டத்தின் வாசலுக்கே வந்ததில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) வழியாகப் போகலாம் என்றால், இரண்டு காதிலும் பேச்சுக்குரிய ஒலிகளில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ‘கேட்புத்திறன் குறைந்தவர்’. பட்டுக்கும் தட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனவர் அந்தக் கோட்டைத் தொட இன்னும் வெகுதூரம் போக வேண்டும். கூலி உயர்வு, மின்கட்டணம் என்று எத்தனையோ பேச்சுவார்த்தைகளைப் பார்த்த ஊர்கள் இவை. காது என்ற சொல் அந்த மேஜைக்கு வருவதே இல்லை என்பதுதான் வருத்தம்.

பஞ்சு போதாது

சுற்றிலும் பஞ்சு இருக்கும் ஊரில், கொஞ்சம் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வது இயல்பு. அது தூசியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுப்பது ரொம்பக் குறைவு. காதில் எண்ணெய் விடுவதும் பயன் தராது. சேதம் நடக்கும் இடம் செவிப்பறைக்கு அந்தப் பக்கம்.

மருந்துக்கடைகளிலும் பாதுகாப்புச் சாதனக் கடைகளிலும் கிடைக்கும் நுரை இயர்பிளக் விலை சொற்பம். போடும் விதம்தான் முக்கியம். விரல்களால் மெல்லியதாக உருட்டி, எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை 20, 30 நொடி விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம். ‘இதைப் போட்டால் தறி சரியா ஓடுதான்னு தெரியாதே’ என்ற தயக்கம் நியாயமானது. நூல் அறுந்தால், நாடா இடறினால் தாளம் மாறுவதைக் காதாலேயே பிடிப்பவர்கள் ஆயிற்றே. இயர்பிளக் தறியின் ஒலியை அழிப்பதில்லை, குறைக்கிறது. சில நாள் பழகினால் தாளம் மாறுவது அப்போதும் தெரியும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ‘ஆடியோமெட்ரி’ கேட்டு வாங்கலாம். ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். ஊசி, வலி எதுவும் கிடையாது. செத்த செல்லை அது உயிர்ப்பிக்காது. ஆனால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று காட்டிவிடும். காது கேட்கும் கருவியும் எல்லா ஒலியையும் ஒரேயடியாகக் கூட்டாமல் அந்தப் பள்ளத்துக்கு ஏற்ப அமைக்கப்பட வேண்டும். அப்படி அமைக்காத கருவிகள்தான் பல வீடுகளில் பீரோவுக்குள் தூங்குகின்றன.

வீட்டிலிருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. அடுப்படியிலிருந்து கூவாமல் பக்கத்தில் போய், முகம் தெரியும்படி நின்று, மிக்ஸியை நிறுத்திவிட்டு, சாதாரணக் குரலில் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் போதும். கேட்கவில்லை என்றால் அதே சொல்லைக் கத்தாமல் வேறு சொல்லில் சொல்லலாம்.

தறி ஓட்டாத இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 12 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோர், சத்தமாகப் பாட்டு கேட்பதால் காது மந்தமாகும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அமெரிக்காவில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் 2009-ல் எலிகளில் கண்டது இன்னும் சங்கடமானது. பலத்த சத்தத்துக்குப்பின் கேட்கும் திறன் முழுதாகத் தேறிய எலிகளிலும், மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பாதிவரை அழிந்திருந்தன. சோதனையில் ‘நார்மல்’ என்று வந்தும் கூட்டத்துக்குள் பேச்சு புரியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள்.

இன்றைக்கே செய்து பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன், செல்போனில் ஒரு பேச்சு வீடியோவை, சொற்கள் புரியும் அளவுக்கு மட்டும் குறைந்த சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். சத்தம் எத்தனையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும், அதே அறையில், அதே அளவில், அதே வீடியோ. சொற்கள் மங்கலாகக் கேட்டால், அன்றைய தறிச் சத்தம் உங்கள் காதுக்கு அதிகம். மறுநாள் இயர்பிளக் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து, மறுபடி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.